‘இன்னும் பலமா அமுக்கும்மா’: நாள்பட்ட இடுப்புவலியும் உடற்பிடிப்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவுக்கு முன்

இந்தப் பதிவில் வருபவர் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும், ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரில் ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பழகியதால் இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நான் உரிமம் பெற்ற ஓர் உடற்பிடிப்பு (மசாஜ்) நிலையத்தில் வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் இத்தகைய நிலையங்களுக்கு உரிமம் தருவது காவல்துறை. 2018 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத்தின்படி அது நடக்கிறது. இயன்மருத்துவர்களுக்கு (பிசியோதெரபிஸ்ட்) வேறு சட்டம், வேறு பதிவு. ஆகவே இன்ன நோய் என்று சொல்வது என் வேலை இல்லை. வலி அறிவியலைக் கொஞ்சம் படித்துவிட்டு, மசாஜ் கட்டிலோரம் நின்று அரைமருத்துவம் பேசும் ஆசை எங்கள் தொழிலில் பரவி வருகிறது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

அக்கா ஒரு தொடக்கப்பள்ளி கேண்டீன் கடையில் உதவியாளர். விடியுமுன் போய் அரிசி களைந்து, குழம்பு கூட்டி, பிள்ளைகளின் இடைவேளைக்குள் எல்லாவற்றையும் தயாராக்கி வைக்கவேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. மருத்துவ விடுப்பு, மாத்திரை, கோடாலித் தைலம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணிந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை. மறு ஆண்டு எடுத்த எம்ஆர்ஐ படத்தில் இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) புடைத்திருப்பதாக எழுதியிருந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் மருத்துவர். இயன்மருத்துவரிடம் போனார், கடையில் விடுப்பு கிடைக்காததால் பாதியில் நின்றது.

அதன்பிறகு தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்தில் ஒருவரிடம் உருவிவிடப் போயிருக்கிறார். அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, “டிஸ்க் நகர்ந்துபோச்சு, இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கு, குனிஞ்சா நரம்பு நசுங்கிடும்” என்று சொன்னாராம். அன்றிலிருந்து இடுப்புப் பட்டை. பேத்தியைத் தூக்குவதில்லை. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் எடுத்த பால்குடத்தையும் நிறுத்திவிட்டார்.

முதல் சந்திப்பில் கண்டவை

வந்தது ஜூன் பள்ளி விடுமுறையில். கையில் பிளாஸ்டிக் பைக்குள் எம்ஆர்ஐ படம். உட்காருமுன்பே சொன்னார்: “இன்னும் பலமா அமுக்கும்மா, மத்தவங்க எல்லாம் சும்மா தடவி விடுறாங்க. வலிக்க வலிக்க அமுக்கினாத்தான் கட்டு கரையும்.”

முதலில் ஆபத்து அறிகுறிகளைக் கேட்டேன். சிறுநீர், மலம் அடக்குவதில் மாற்றம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் வலு குறைந்துகொண்டே வருதல், காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்ததா, கீழே விழுந்தாரா. எதுவும் இல்லை. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அன்று கை வைத்திருக்க மாட்டேன்.

வலி பத்துக்கு ஆறு என்றார். மோசமான நாளில் எட்டு. குனியச் சொன்னபோது பட்டையோடு முதுகை விறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி பாதித் தொடைவரைதான் கை போனது. முகத்தில் பயம்.

இனி நான் கவனித்ததுதான் இந்த நிகழ்வின் திருப்பம். வெளியே செருப்பைக் கழற்றும்போது அதன் வாரை அவிழ்க்க நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தார். முதுகு முழுக்க வளைந்தது. முகம் சுளிக்கவில்லை. நின்றுகொண்டு குனிவதற்கு அவர் அனுமதிக்காத அதே வளைவை உட்கார்ந்தபடி தினமும் பலமுறை செய்கிறார். அவருடைய கணக்கில் அது ‘குனிவது’ இல்லை.

அன்று அதைச் சொல்லவில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன். பார்த்த முதல் நாளிலேயே ‘நீங்கள் குனிந்தீர்களே’ என்று சுட்டினால், பொய் சொல்வதைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் தோன்றும்.

நாட்காட்டிக் கட்டங்கள்

கோயில் நாட்காட்டியின் கட்டங்களில் தினமும் இரண்டே குறிப்பு எழுதச் சொன்னேன்: வலியின் எண், அன்று செய்த பெரிய வேலை. சில வாரங்களில் கிடைத்தது இது.

பள்ளி விடுமுறையில், பானை தூக்காத நாள்களில், வலி குறையவில்லை. வீட்டில் மகள் “குனியாதீங்க, தூக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டேயிருந்த நாள்களில் ஏழுகூட வந்தது. பள்ளி திறந்தபின் கேண்டீனில் அரைமணி நேரம் நின்றாலே ஆறு, ஏழு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கி, மணிக்கணக்கில் நின்று பரிமாறியபோது இரண்டு அல்லது மூன்று. நின்ற நேரம் அதிகம். தூக்கிய பாத்திரமும் சின்னதில்லை.

“அது சாமி காரியம், அவன் பார்த்துக்கிறான்” என்றார் அக்கா. நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு உரிமையும் இல்லை. அந்த விளக்கம் அவருக்குத் துணையாகத்தான் இருந்தது. வட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளே போய்த் திங்கள்கிழமை வெளியே வருவதில்லை என்பதை மட்டும் நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

அழுத்தம் பற்றிய பேரம்

முழங்கையால் அழுத்தவேண்டும் என்பது அவர் கேட்டது. மென்மையாகத்தான் செய்வேன் என்று முதல் நாளே அடம்பிடித்தால் அவர் மறுபடி தேக்காவுக்குப் போய்விடுவார். அதனால் ஒரு நடுவழி. எண்ணெய் தடவிய பின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அவரே எண் சொல்ல வேண்டும். மூச்சு பிடிபட்டாலோ கட்டில் ஓரத்தைக் கை பற்றினாலோ நான் குறைத்துவிடுவேன்.

காரணங்களையும் சொன்னேன், சுருக்கமாக. பலமாக அமுக்கினால் கொஞ்ச நேரம் சுகம் கிடைப்பது உண்மை. ஒரு வலி இன்னொரு வலியை அடக்கும் வேலையை நரம்பு மண்டலமே செய்கிறது. ஆனால் ‘கட்டு’ எதுவும் கரைவதில்லை. தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள தடித்த திசுப்படலத்தை ஒரு விழுக்காடு அமுக்குவதற்கே மனித உடலால் தரக்கூடியதைவிட மிகப் பெரிய விசை தேவை என்று 2008இல் வெளியான ஒரு கணித ஆய்வு காட்டியது. மறுநாள் தோலில் தெரியும் நீலம் நுண்குழாய்கள் கசிந்த தடம். அளவுமீறிய மசாஜுக்குப் பிறகு தசையிழைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

மெதுவாக நீவும் கைக்கும் தனிப் பாதை இருக்கிறது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தோலை வருடும்போது அதிகம் தூண்டப்படும் நரம்பிழைகள் மனிதத் தோலில் உள்ளன. இதமான தொடுகையின் உணர்வை அவை மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்தையும் முடிவையும் அந்த வேகத்துக்கு மாற்றினேன். நடுவில் அவர் கேட்ட அழுத்தம், அவர் சொல்லும் எண்ணில் நான்குக்குள்.

எதை, எப்போது சொல்வது

வலி அறிவியலை மசாஜ் அறைக்குள் கொண்டுவரும்போது மிகக் கடினமான இடம் இதுதான்; எங்கள் தொழிலில் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

அறிவியல் சொல்வது புதிதல்ல. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தண்டுவடத்திலேயே வலிச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வாசல் போன்ற ஏற்பாடு இருப்பதாக முன்வைத்தார்கள். காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்களே அதீத உணர்ச்சி கொள்ளலாம் என்று கிளிஃபர்ட் வுல்ஃப் 1983இல் காட்டினார். வலி என்பது உண்மையான அல்லது நேரக்கூடிய திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அதை ஒத்த, விரும்பத்தகாத உணர்வும் மனநிலையும் சேர்ந்த அனுபவம் என்று அனைத்துலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வரையறையைத் திருத்தியது. அதே குறிப்பில், ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் எழுதியது. இரண்டாவது வாக்கியத்தைப் படிக்காமல் முதலாவதை மட்டும் படித்தவர்கள்தான் வாடிக்கையாளரிடம் “வலி உங்க மூளையிலதான் இருக்கு” என்று ஆரம்பிக்கிறார்கள்.

அக்காவிடம் அப்படி ஆரம்பிக்க முடியாது. படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னதை வைத்து, “வேலைக்குப் போகப் பிடிக்காம சொல்றே” என்று வீட்டில் ஒருமுறை பேச்சு வந்திருக்கிறது. மூளை என்ற சொல்லை நான் எடுத்தால், அந்தப் பேச்சின் மறுபதிப்பாகத்தான் அவர் காதில் விழும்.

எனவே வரிசையை மாற்றினேன். முதலில் உடல், பிறகு பேச்சு. சில அமர்வுகளுக்குப் பின், கட்டிலில் கையும் முழங்காலும் ஊன்றி, குதிகாலை நோக்கி மெல்லப் பின்னால் போகச் சொன்னேன். என் இரு கைகளும் அவர் இடுப்பில் இருந்தன. முதுகு நன்றாக வளைந்தது. வலி மூன்று. எழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வார் மாட்டச் சொன்னேன். இப்போதுதான் கேட்டேன்: “அக்கா, இப்போ எவ்வளவு குனிஞ்சீங்க?”

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே, “சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதுன்னு சொல்வாங்களே, அது மாதிரியா?” என்றார்.

நான் தயாரித்து வைத்திருந்த விளக்கங்களை எல்லாம் அந்தப் பழமொழி தேவையற்றதாக்கிவிட்டது. பூனை நடிக்கவில்லை. ஒருமுறை சுட்டது உண்மை. அடுப்பு அணைந்த பிறகும் அதன் உடம்பு விலகுகிறது. பானை இறக்கிய அந்தக் காலையில் சுட்டது, அதே கடை, அதே அடுப்பு, அதே அவசரத்தில் இன்னும் விலகச் சொல்கிறது. கோயில் அடுப்பங்கரையில் சொல்வதில்லை. இவ்வளவையும் அவர் வாயால் சொல்ல வைத்தது நாட்காட்டிக் கட்டங்கள்தான்.

‘நகர்ந்துபோன டிஸ்க்’ பற்றி நான் பேசியது கொஞ்சம். வட்டு முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்தது, இடம்விட்டு நழுவுகிற பொருளில்லை என்று சொன்னேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையில், 50 வயதுக்காரர்களில் 60 விழுக்காட்டினருக்கு வட்டுப் புடைப்பு இருக்கும் என்று மதிப்பிட்டிருந்ததையும் காட்டினேன். “உங்க படத்துக்கு இது பொருந்துமான்னு டாக்டர்கிட்டதான் கேக்கணும்” என்று நிறுத்திக்கொண்டேன். தேக்காக்காரரைக் குறைசொல்லவில்லை. இத்தனை காலம் அவரை நம்பியவரிடம் அவரைத் திட்டினால், திட்டு விழுவது நம்பியவர்மேல்தான்.

மகளின் கேள்வியும் ஒரு கடிதமும்

ஆகஸ்டில் மகள் நேரில் வந்தார். கோபம் நியாயமானது. “எம்ஆர்ஐல தெளிவா போட்டிருக்கு. நீங்க குனிய வைக்கிறீங்களாமே, ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

வாதாடுவதைவிட, அதிகாரம் உள்ளவரிடம் கேட்பது சரியென்று பட்டது. அக்காவின் சம்மதத்தோடு, அவர் போகும் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நான் பார்த்தது, செய்வது, செய்யாதது, குனிவதற்கோ தூக்குவதற்கோ தடை உண்டா என்ற கேள்வி. மருத்துவர் பரிசோதித்துவிட்டுத் தடையில்லை என்றார். இயன்மருத்துவரிடம் மறுபடி அனுப்பினார். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டியில் உடற்பயிற்சியும் விளக்கக் கல்வியும் பரிந்துரைகளில் இருக்கின்றன. மசாஜும் இருக்கிறது, சான்று வலுவற்றது என்ற குறிப்போடு. இடுப்புப் பட்டையை வழக்கமாகப் பயன்படுத்துவதற்கு எதிராகவே அது பரிந்துரைக்கிறது. மகளிடம் நான் காட்டியது மருத்துவரின் பதிலை மட்டும். அது போதுமானதாக இருந்தது.

அதன்பின் வேலை பிரிந்தது. எடை தூக்கும் பயிற்சியை இயன்மருத்துவர் படிப்படியாகக் கூட்டினார். நான் பயிற்சிக்கு முந்தைய தயக்கத்தைக் குறைக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன்: நீவிவிட்டபின், உடம்பு தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில், அவர் பயப்படும் ஓர் அசைவை என் கை துணையோடு செய்து பார்ப்பது. பட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. வீட்டில் கழற்றி, கடையில் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே முடிவெடுத்தார்.

பின்னடைவு

தீபாவளியை ஒட்டிக் கணவருக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். அக்கா இரவெல்லாம் நாற்காலியில். வலி எட்டுக்குப் போனது. நடுவில் ஒரு மாலை தேக்காவுக்கே போய் முழங்கையால் அமுக்கவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்து என்னிடம் வந்தபோது சட்டையைத் தூக்கத் தயங்கினார். நீலம் கட்டியிருந்தது.

ஆபத்து அறிகுறிகளை மறுபடி முழுவதும் கேட்டேன். பழகிய வாடிக்கையாளர் என்பதற்காக இதைத் தாண்டக் கூடாது. ‘அதே பழைய வலிதான்’ என்ற நினைப்பில்தான் புதியவை தப்பிப்போகும். எதுவுமில்லை என்று தெரிந்தபின், நீலம் கட்டிய இடத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்துத் தோளையும் காலையும் மட்டும் மெதுவாக நீவினேன். அங்கே போனதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரைமணியில் தூங்கிவிட்டார்.

எழுந்தபின் நாட்காட்டியைப் பார்த்தோம். அந்த வாரம் பானையே தூக்கவில்லை. “தூக்கமில்ல, பயம், சாப்பாடும் சரியில்ல,” என்று விரல்விட்டு எண்ணினார். கணவர் வீடு திரும்பிய பிறகு, எண் பழைய நிலைக்கு இறங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

முடிவு

வலி போய்விடவில்லை. சராசரி ஆறாக இருந்தது நான்கை ஒட்டி நிற்கிறது. மோசமான நாளில் ஆறு. பேத்தியைத் தூக்குகிறார். நின்றுகொண்டு குனியும்போது விரல் கணுக்காலைத் தொடுகிறது. பரபரப்பான நாளில் கடையில் பட்டை போடுகிறார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு. அன்று மாலை ஐந்து, மறுநாள் மூன்று. தொலைபேசியில் அவர் குறைப்பட்டது இடுப்பைப் பற்றி அல்ல: “கால்தான்மா கொப்புளிச்சுப் போச்சு லா, அதுக்கு ஏதாவது தைலம் இருக்கா?”

வாரம் ஒருமுறை வந்தவர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார்.

இந்த முன்னேற்றத்தில் மசாஜின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. இயன்மருத்துவரின் பயிற்சி கூடவே நடந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லாரும் உதவி தேடி வருகிறார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் இடையில் வந்தது. ஆனால் ஜூன் விடுமுறையில் ஏறிய வலி டிசம்பர் விடுமுறையில் ஏறவில்லை என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும். டிசம்பரில் மகள் “குனியாதீங்க” என்று சொல்வதை நிறுத்தியிருந்தார்.

அடுத்தவருக்கு மாற்றியவை

மருத்துவருக்கான கடிதத்தை இப்போது தொடக்கத்திலேயே எழுதுகிறேன், யாரும் கேள்வி கேட்கும்வரை காத்திருப்பதில்லை. நாள்பட்ட வலியோடு வருபவரிடம், வீட்டில் அவர் வலியைப் பற்றி அதிகம் பேசுபவர் யார் என்று கேட்டு, விருப்பமிருந்தால் அவரையும் இரண்டாம் சந்திப்புக்குக் கூட்டிவரச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் நான் தளர்த்துவதை வீட்டில் மீதி நாளெல்லாம் யாரோ இறுக்கிக்கொண்டிருக்கக் கூடும். செருப்பு வாரைப் பார்த்த கணக்கில், வருபவர் வாசலில் என்ன செய்கிறார் என்று கவனிப்பதும் பழக்கமாகிவிட்டது.

தீராமல் இருப்பது காசு விஷயம். பத்து முறைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சலுகை விலையில் தருவது சிங்கப்பூரில் பரவலான வழக்கம். ஒருவரை வருவதைக் குறைக்கும் நிலைக்குக் கொண்டுவருவது நோக்கமாக இருக்கும்போது, பத்து முறையை முதல் நாளே விற்பது பொருந்தவில்லை. நிலைய உரிமையாளரிடம் இதைப் பேசினேன். நாள்பட்ட வலிக்காரர்களிடம் மூன்று முறைக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு இதைத் தொடர்வதா என்று சொல்வதாக அவர் கூறியிருக்கிறார்.